மலையிறங்கும் சைக்கிளுக்கு முன் ஃபோர்க் தேர்ந்தெடுப்பது எப்படி?

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



நம் ஆண்டு மலரில் கவிதைக்கும் துணுக்குக்கும் என்றுமே பஞ்சமில்லை. நடுவே ஒர்க் ஷாப் வாசனையோடு ஒரு கட்டுரையும் இருக்கட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன். பாடப் புத்தகத்தில் படித்த சுருள்வில், விசை, வளைவு எல்லாம் பரீட்சைத் தாளோடு முடிந்துவிடும் சமாச்சாரம் இல்லை, நம் கை மணிக்கட்டையும் பல்லையும் காப்பாற்றக் கூடியவை என்பதைக் காட்டுவதே நோக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நம்ம பசங்க நாலைந்து பேர் சைக்கிள்களை மினி வேனில் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போகிறார்கள். அங்கிருந்து கச்சிராயபாளையம் வரை இறக்கம். தார் ரோடு சலித்துப்போனால் ஊருக்கு ஊர் போகும் ஒற்றையடிப் பாதை. மேலே மரவள்ளிக் கொல்லைகளின் ஓரம், பாறை மேடு, மழைநீர் அரித்த பள்ளம் என்று கல்வராயன் மலையில் இறங்குவதற்கு வழியா இல்லை? குறை வழியில் இல்லை, வண்டியில் இருக்கிறது. "மச்சான், டபுள் ஷாக் வண்டிடா, எங்க வேணாலும் இறக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே பத்து பன்னிரண்டாயிரம் ரூபாய் வண்டியை மலையில் இறக்குகிறார்கள். அந்த ஷாக் உண்மையில் ஷாக்கை வாங்குகிறதா, அல்லது நமக்கே திருப்பித் தருகிறதா என்பதுதான் கேள்வி.

கடையில் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி: "அண்ணே, இந்த ஃபோர்க் எவ்வளவு உள்ள போகும்?" கடைசியில் கேட்க வேண்டியதை நாம் முதலில் கேட்கிறோம். சரியான வரிசை இது: பிரேம், கால், டாம்பர், ஸ்பிரிங், அதற்குப் பிறகுதான் டிராவல். ஏன் இந்த வரிசை என்பதே இந்தக் கட்டுரை.

1. இரண்டு விளையாட்டு, ஒரே இறக்கம்

டவுன்ஹில் என்பது பந்தயம். ஒருவர் பின் ஒருவராக, கடிகாரத்துக்கு எதிராக, குறித்த பாதையில் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். குறைந்த நேரம் எடுத்தவர் வெற்றி பெறுவார். ஃப்ரீரைடில் கடிகாரம் இல்லை. கிடைத்த மலையில், கிடைத்த பாறையில், தாவியும் குதித்தும் இறங்குவது. அதன் பெரிய மேடையான ரெட்புல் ராம்பேஜ், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2001-ல் தொடங்கியது.

சைக்கிளுக்கு ஷாக் வந்த கதையும் சுவையானது. எண்ணெயால் அதிர்வைத் தணிக்கும் தொலைநோக்கிக் குழாய் போன்ற முன் ஃபோர்க்கை, தயாரிப்பில் வந்த மோட்டார் சைக்கிள் ஒன்றில் 1935-ல் முதலில் கொண்டுவந்தது பி.எம்.டபிள்யூ. அந்த மாடலின் பெயர் ஆர்-12. அதே யோசனை சைக்கிளுக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று. மோட்டார் சைக்கிள் பந்தய மெக்கானிக்காக இருந்த பால் டர்னர் என்பவர் 1989-ல் 'ராக் ஷாக்ஸ்' ஆர்.எஸ்.-1 என்ற ஃபோர்க்கைக் கொண்டுவந்தார். அதன் கால் உள்ளே போகும் தூரம் 5 சென்டிமீட்டர்கூட இல்லை. "இந்த ஆட்டம் சைக்கிளுக்கு எதுக்கு?" என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் 1990-ல் அமெரிக்காவின் துராங்கோ நகரில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன் போட்டியில், ஆண்கள் கிராஸ் கன்ட்ரியில் நெட் ஓவரெண்டும் டவுன்ஹில்லில் கிரெக் ஹெர்போல்டும் அந்த ஃபோர்க்கோடுதான் வென்றார்கள். சிரிப்பு அடங்கியது.

இதெல்லாம் அயல்நாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன் போட்டி பக்கத்துக் கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில் நடந்தது. பொன்முடியும் மலைதான், கல்வராயனும் மலைதான்.

2. இறக்கத்தில் முன் சக்கரத்துக்கு என்ன நடக்கிறது?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பயப்பட வேண்டாம், முதலாண்டுக் கணக்குதான்.

ஓட்டுபவர் 70 கிலோ, வண்டி 15 கிலோ, ஆக மொத்தம் 85 கிலோ. இரண்டு சக்கர மையங்களுக்கு இடையே 1.2 மீட்டர். பெடலில் நின்று ஓட்டும்போது புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் எடையில் 40 சதவீதம், அதாவது 34 கிலோ, முன் சக்கரத்தின் மேல் இருக்கும்.

இப்போது ஐந்துக்கு ஒன்று சரிவு. 5 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் இறங்கும். வேகம் கூடாமல் ஒரே சீராக இறங்க வேண்டுமானால் பிரேக் பிடித்தபடியே வர வேண்டும். பிரேக் விசையை உயரத்தால் பெருக்கிச் சக்கர இடைவெளியால் வகுத்தால், முன்னால் இடம் மாறும் எடை கிடைக்கும். அது ஏறத்தாழ 15 கிலோ. முன் சக்கரம் இப்போது 49 கிலோவைச் சுமக்கிறது. அந்த நேரத்தில் குறுக்கே ஒரு ஆடு வருகிறது. பிரேக்கை இன்னும் இறுக்கி, விநாடிக்கு விநாடி 3 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கிறோம். முன் சக்கரத்தின் மேல் 72 கிலோ! பின் சக்கரத்துக்கு மிஞ்சுவது சுமார் 11 கிலோதான். பின் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் சறுக்குகிறதே ஒழிய வண்டி நிற்காததன் காரணம் புரிகிறதா?

ஆக இறக்கத்தில் வண்டி என்பது பெரும்பாலும் முன் சக்கரம்தான். சுமப்பதும் அதுவே, நிறுத்துவதும் அதுவே, திருப்புவதும் அதுவே. இந்த மூன்று வேலையும் போய் முடியும் இடம் ஃபோர்க்.

இன்னொரு கணக்கு. 60 சென்டிமீட்டர் உயரப் பாறையிலிருந்து சமதரையில் குதிக்கிறோம். 85 கிலோவுக்குக் கிடைக்கும் ஆற்றல் சுமார் 500 ஜூல். அதில் பாதியை, அதாவது 250 ஜூலை, முன் ஃபோர்க் விழுங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 80 மி.மீ. டிராவல் உள்ள ஃபோர்க்கில் சராசரி விசை சுமார் 320 கிலோ எடைக்குச் சமம். 200 மி.மீ. டிராவலில் அது 127 கிலோவாகக் குறைகிறது. ஸ்பிரிங் போகப் போக இறுகுவதால் உச்ச விசை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்த உச்சம் வந்து சேரும் இடம் நம் மணிக்கட்டு.

"அப்படின்னா டிராவல்தானே முக்கியம்? நீயே சொல்லிட்டியே!" என்று கேட்பீர்கள். பொறுங்கள். அந்த 250 ஜூல் உள்ளே போன பிறகு எங்கே போகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

3. ஐந்து கேள்விகள்

முதல் கேள்வி: என் பிரேம் எதைத் தாங்கும்?

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். ஃபோர்க்கின் நீளம், அதாவது ஆக்சில் மையத்திலிருந்து கிரவுன் வரை உள்ள தூரம், 20 மி.மீ. கூடினால் வண்டியின் முன்பக்கம் தூக்கி, ஹெட் டியூப் சாய்வு ஏறத்தாழ 1 டிகிரி படுத்துவிடும். இறக்கத்துக்குச் சற்றுச் சாய்வு நல்லதுதான். டவுன்ஹில் வண்டிகளில் அது 63 டிகிரி அளவில் இருக்கும். ஆனால் அந்தப் பிரேம்கள் அதற்கென்றே தடித்த குழாயும் முட்டுத் தகடும் வைத்துக் கட்டப்பட்டவை. கடையில் வாங்கும் சாதாரண கியர் சைக்கிளின் பிரேம் அப்படியல்ல. நீண்ட ஃபோர்க் என்பது நீண்ட நெம்புகோல். அது ஒவ்வொரு அடிக்கும் ஹெட் டியூபைப் பிளக்கப் பார்க்கும்.

எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் தன் பழைய வண்டிக்கு எங்கிருந்தோ 160 மி.மீ. ஃபோர்க் ஒன்றை வாங்கி மாட்டினான். பார்க்க ஜோராக இருந்தது. மூன்றே மாதத்தில், வண்டியைக் கழுவும்போது, ஹெட் டியூபும் கீழ்க் குழாயும் சேரும் வெல்டிங் ஓரத்தில் தலைமயிர் போல ஒரு கோடு தெரிந்தது. பெயின்ட் கீறல் என்று நினைத்து நகத்தால் சுரண்டினோம், போகவில்லை. அன்று கழுவாமல் மலையேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே முதலில் பிரேம் தயாரிப்பாளர் அதிகபட்சம் எவ்வளவு டிராவல் அனுமதிக்கிறார் என்று பார்க்க வேண்டும். எங்கும் எழுதியில்லை என்றால், ஏற்கெனவே வண்டியில் இருக்கும் ஃபோர்க்கின் நீளத்தைத் தாண்டாதீர்கள். அடுத்தது ஸ்டீரர் குழாய். கட்டை வண்டி என்று நாம் சொல்லும் பழைய சைக்கிள்களில் அது 1 அங்குலம். கியர் சைக்கிள்களில் 1⅛ அங்குலம். இன்றைய நல்ல ஃபோர்க்குகளில் மேலே 1⅛, கீழே 1½ அங்குலம் என்று விரிந்து வரும். அளவு பொருந்தாத ஃபோர்க்கைப் புஷ் கடைந்து மாட்டுவதும், பழைய மொபெட் ஃபோர்க்கை வெல்டிங் வைத்துச் சேர்ப்பதும் நம் லேத் திறமைக்கு எடுத்துக்காட்டாக இருக்கலாம், உயிருக்கு உத்தரவாதம் ஆகாது.

இரட்டை கிரவுன் ஃபோர்க் வேறு இருக்கிறது. மோட்டார் சைக்கிள் போல மேலும் கீழும் இரண்டு பிடிப்பு வைத்தது. டவுன்ஹில் பந்தயத்துக்கு அதுதான். ஆனால் அதை ஏற்கும் பிரேம் வேண்டும். மேலும் ஹேண்டில் பார் முழுக்கத் திரும்பாது. நம் மலையின் ஒற்றையடிப் பாதையில் மெதுவாக வளைந்து திரும்பும் இடங்களில் அது தொல்லை. பந்தயத்துக்குப் போகாதவருக்கு ஒற்றை கிரவுனே போதும்.

இரண்டாம் கேள்வி: கால் எவ்வளவு தடிமன், ஆக்சில் எந்த வகை?

குழாயின் விறைப்பு விட்டத்தோடு எப்படிக் கூடும் என்று ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் படித்தோம். சுவர்த் தடிமன் மாறாத மெல்லிய குழாயில் அது விட்டத்தின் முப்படியாகக் கூடும். 32 மி.மீ. மேல்குழாயை 38 மி.மீ. ஆக்கினால் விட்டம் 19 சதவீதம்தான் கூடுகிறது, விறைப்போ ஏறத்தாழ 67 சதவீதம் கூடுகிறது. பரீட்சைக்குப் படித்த சூத்திரம் இங்கே பாறை மேல் வேலை செய்கிறது.

'ஃபாக்ஸ்' நிறுவனம் தன் ஃபோர்க்குகளுக்கு வைக்கும் பெயரே இந்த விட்டம்தான். 32, 34 என்பவை லேசான ஓட்டத்துக்கு, 36, 38 என்பவை கடினமான இறக்கத்துக்கு, 40 என்பது முழு டவுன்ஹில்லுக்கு. ராக் ஷாக்ஸ் தரும் லிரிக் 35 மி.மீ., ஸெப் 38 மி.மீ. அவர்களுடைய டவுன்ஹில் ஃபோர்க்கான பாக்ஸர், 2023-ல் வந்த புது வடிவத்தில் 35-லிருந்து 38 மி.மீட்டராகத் தடித்தது. ஒப்பிட்டுப் பார்க்க நம் சென்னைத் தயாரிப்பு ஒன்றைச் சொல்கிறேன். 2016-ல் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க் 41 மி.மீ. தடிமன், 200 மி.மீ. டிராவல். வண்டி எடை 180 கிலோவுக்கு மேல். பதினைந்து பதினாறு கிலோ டவுன்ஹில் சைக்கிளுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு ஃபோர்க் வைக்கிறார்கள் என்றால், அது அழகுக்காக அல்ல.

ஆக்சிலும் அப்படியே. குவிக் ரிலீஸ் எனப்படும் மெல்லிய கம்பி வகையில் சக்கரம் ஃபோர்க்கின் திறந்த காதில் உட்கார்ந்திருக்கும். டிஸ்க் பிரேக் காலிபர் இடது காலின் பின்பக்கம் இருப்பதால், முன் பிரேக் பிடிக்கும்போது அந்த ஆக்சிலைக் காதிலிருந்து கீழ்நோக்கித் தள்ளும் விசை ஒன்று பிறக்கிறது. லீவர் தளர்வாக இருந்தால் சக்கரம் கழன்றுகொள்ளும். துளைக்குள் நுழைத்து மரை முடுக்கும் ஆக்சிலில் இந்த ஆபத்து இல்லை. அது இரண்டு காலையும் ஒன்றாகக் கட்டி முறுக்கத்தையும் தடுக்கிறது. ஃப்ரீரைடுக்குக் குறைந்தது 15 மி.மீ., டவுன்ஹில்லுக்கு 20 மி.மீ. ஆக்சில் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் கேள்வி: உள்ளே டாம்பர் இருக்கிறதா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

ஸ்பிரிங் கடன்காரன் மாதிரி இல்லை. வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும் உத்தமன். அதுதான் ஆபத்தே. பாறையிலிருந்து குதித்தபோது உள்ளே போன 250 ஜூலையும் அடுத்த நொடியே ஹேண்டில் பாருக்குத் திருப்பித் தரும். முன் சக்கரம் எகிறும், கை பிடி நழுவும், ஆள் பறப்பார். அந்த ஆற்றலைத் திரும்ப விடாமல் வெப்பமாக மாற்றுவது டாம்பரின் வேலை. ஒரு கால் உள்ளே எண்ணெய், அதில் சிறு துளைகள் உள்ள பிஸ்டன். எண்ணெய் துளை வழியே நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது ஆற்றல் சூடாகிக் கரைந்துவிடுகிறது. உள்ளே போகும்போது தடுப்பது கம்ப்ரஷன், வெளியே வரும்போது தடுப்பது ரீபவுண்ட். இதில் ரீபவுண்ட் இல்லாத ஃபோர்க்கை மலைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

கணக்கு வேண்டுமா? 160 மி.மீ. ஃபோர்க்கில் நாம் ஏறி நின்றதும் 32 மி.மீ. அமுங்குகிறது என்றால், அதன் இயல்பு அதிர்வெண் விநாடிக்கு 2.8 தடவை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், 3 மீட்டருக்கு ஒன்றாக மேடு பள்ளம் உள்ள பாதையில் போனால், பாதையின் தாளமும் ஸ்பிரிங்கின் தாளமும் ஒன்றாகிவிடும். ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி ஒவ்வொரு மேடும் ஆட்டத்தை ஏற்றிக்கொண்டே போகும். இதைத்தான் ஒத்ததிர்வு என்று படித்தோம். டாம்பர் இல்லாவிட்டால் நாலாவது ஐந்தாவது மேட்டில் வண்டி நம் பேச்சைக் கேட்காது.

நம் ஜூனியர் ஒருவன், மலைமேல் ஒரு சிற்றூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவன். விடுமுறைக்கு ஊருக்குப் போனவன் சித்தப்பா மகனின் 'டபுள் ஷாக்' வண்டியை எடுத்துக்கொண்டு, சிறு வயதிலிருந்து நடந்து பழகிய பாதையிலேயே இறங்கினான். வழி தெரியாதவனா என்றால் இல்லை, கண்ணைக் கட்டிவிட்டாலும் இறங்குவான். வரிசையாக நாலு மேடு, நாலாவதில் தூக்கி எறிந்தது. மணிக்கட்டில் முறிவு, ஆறு வாரம் கட்டு, செமஸ்டர் ப்ராக்டிகல் போச்சு. பிறகு அந்த ஃபோர்க்கை நாங்கள் பிரித்துப் பார்த்தோம். ஒரு காலில் ஸ்பிரிங்கும் கிரீசும். மற்றக் காலில் ஒன்றுமே இல்லை, வெறும் குழாய். அவன் வீட்டில் இருந்த, பிளஸ் ஒன்னில் அண்ணனுக்கு அரசு கொடுத்த சைக்கிளில் ஷாக்கே கிடையாது. அதில் இறங்கியிருந்தால் கை வலித்திருக்கும், மெதுவாகத்தான் வந்திருப்பான், முறிந்திருக்காது. ஆடாத நல்ல ஃபோர்க், ஆடுகிற கெட்ட ஃபோர்க்கைவிட எவ்வளவோ மேல்.

நான்காம் கேள்வி: ஸ்பிரிங் என் எடைக்குப் பொருந்துமா?

சுருள்வில் வகை, காற்று வகை என்று இரண்டு. சுருள்வில் சிறு அதிர்வைக்கூட மென்மையாக வாங்கும், பராமரிப்புக் குறைவு, எடை கூடுதல். எடைக்கேற்ப வேறு ஸ்பிரிங் வாங்கித்தான் மாற்ற வேண்டும். காற்று வகையில் அதற்கென்றுள்ள சிறு பம்பால் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். சாதாரண டயர் பம்பு இதற்கு உதவாது.

அயல்நாட்டு ஃபோர்க்கில் முதலிலேயே வரும் சுருள்வில் பெரும்பாலும் சராசரி உடம்புள்ள அந்த ஊர்க்காரர்களை மனத்தில் வைத்துப் போட்டது. நம்மில் பலர் 55 கிலோவைத் தாண்டாத ஹாஸ்டல் சாப்பாட்டு உடம்பு. அந்த வில் நமக்கு முழுக்க அமுங்கவே அமுங்காது. 180 மி.மீ. ஃபோர்க்குக்குக் காசு கொடுத்துவிட்டு 110 மி.மீட்டரைத்தான் பயன்படுத்துவோம். ஆகவே லேசான ஆட்களுக்குக் காற்று வகையே நல்லது.

சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க, மேல்குழாயில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, வண்டிமேல் ஓட்டும் நிலையில் மெல்ல ஏறி நின்று இறங்குங்கள். வளையம் நகர்ந்த தூரம், மொத்த டிராவலில் 20 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 180-க்கு 36 மி.மீ. டவுன்ஹில் ஃபோர்க்கில் இது 30 சதவீதம் வரை போகலாம்.

ஐந்தாம் கேள்வி: டிராவல் எவ்வளவு?

முன் நான்கும் சரியென்றால் இது எளிது. ரோடும் மண் பாதையும் என்றால் 100 முதல் 120 மி.மீ., பாறைப் பாதை என்றால் 140, 150, குதித்து இறங்கும் ஃப்ரீரைடுக்கு 160 முதல் 180 வரை, டவுன்ஹில் பந்தயத்துக்கு 200. தேவைக்கு மேல் டிராவல் எடுத்தால் ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கும், பிரேக் பிடித்தால் மூக்கு முங்கும், எடையும் கூடும். இரட்டை கிரவுன் ஃபோர்க்குகள் இரண்டரை கிலோவைத் தாண்டும்.

4. கடையில் கையாலேயே செய்யும் சோதனைகள்

கருவி எதுவும் வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் செய்யுங்கள்.

ஒன்று: ஹேண்டில் பாரை உடம்பால் அழுத்திச் சட்டென்று விடுங்கள். 'டங்' என்ற சத்தத்தோடு துள்ளி எழுந்தால் ரீபவுண்ட் இல்லை. மூச்சு விடுவதுபோல் நிதானமாக எழுந்தால் இருக்கிறது.

இரண்டு: காலின் அடியில் அல்லது மேலே சிவப்புத் திருகு இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் ரீபவுண்டுக்கு அந்த நிறம்தான். திருப்பிவிட்டு மறுபடி அழுத்துங்கள். வேகம் மாற வேண்டும். மாறவில்லை என்றால் திருகு வெறும் அலங்காரம்.

மூன்று: முன் பிரேக்கை இறுகப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மேல்குழாயும் கீழ்க்காலும் சேரும் இடத்தில் விரலை வைத்தால் ஆட்டம் தெரியும். அங்கே ஆடினால் புஷ் தேய்ந்தது. ஹெட் டியூப் அருகே ஆடினால் பால்ரஸ் தளர்வு, முடுக்கினால் போதும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நான்கு: முன் சக்கரத்தை முழங்காலிடையே இறுக்கிப் பிடித்து ஹேண்டில் பாரைத் திருகுங்கள். கொழகொழவென்று முறுக்கினால் அது மலைக்கு ஆகாது.

ஐந்து: ஒட்டியிருக்கும் எச்சரிக்கை ஸ்டிக்கரைப் படியுங்கள். எந்தப் பயன்பாட்டுக்கு உரியது என்று தயாரிப்பாளரே பெரும்பாலும் எழுதியிருப்பார். ஒரே நிறுவனம் ரோட்டுக்கும் செய்யும், பாறைக்கும் செய்யும். எஸ்.ஆர். சன்டூர் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்.சி.டி. என்பது தொடக்கநிலை ஃபோர்க், டியூரோலக்ஸ் 36 மி.மீ. காலுள்ள ஃப்ரீரைட் ஃபோர்க், ரக்ஸ் டவுன்ஹில் ஃபோர்க். எல்லாவற்றிலும் ஒரே பெயர்தான் ஒட்டியிருக்கும். பெயரைப் பார்த்து வாங்குவது, மருந்துக் கடையில் கம்பெனி பெயரைச் சொல்லி மாத்திரை கேட்பது போல.

5. பிரேக்கும் பராமரிப்பும்

600 மீட்டர் உயரம் இறங்கினால் 85 கிலோவுக்கு வெளிப்படும் ஆற்றல் சுமார் 500 கிலோ ஜூல். நிதானமாக இறங்கினால் அதில் பெரும்பங்கு பிரேக்கில்தான் சூடாக வேண்டும். ஒன்றே முக்கால் லிட்டர் சாதாரணத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்கான வெப்பம் அது. ஆகவே ஃபோர்க் எடுக்கும்போதே 180 அல்லது 200 மி.மீ. டிஸ்க் தட்டை அது ஏற்குமா என்று கேளுங்கள்.

பராமரிப்பு இல்லாவிட்டால் லட்ச ரூபாய் ஃபோர்க்கும் வெறும் குழாய்தான். நம் செம்மண் புழுதி மேல்குழாயில் ஒட்டி, வாய் சீலுக்குள் நுழைந்தால் உப்புத்தாள் வேலையைச் செய்யும். ஓட்டி முடித்ததும் ஈரத் துணியால் துடையுங்கள். மலையில் மழைக்காலம் என்றால் இன்னும் கவனம் தேவை. கீழ்க்காலைக் கழற்றி எண்ணெய் மாற்றுவதை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை, முழுப் பிரிப்பை 200 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று ராக் ஷாக்ஸ் சொல்கிறது. நமக்கு உதிரிபாகம் சென்னை, பெங்களூரிலிருந்துதான் வர வேண்டும். சீல் கிடைக்காத ஃபோர்க்கை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

6. அப்படியானால் நமக்கு எது?

மூன்று நிலையாகச் சொல்கிறேன்.

தார் ரோட்டில் மட்டும் இறங்குபவருக்கு ஷாக்கே தேவையில்லை. ஆடாத ஃபோர்க், நல்ல பிரேக், சற்று அகலமான டயர் போதும். மிச்சப்படும் பணத்தில் ஹெல்மெட் வாங்குங்கள்.

ஊர் விட்டு ஊர் போகும் மண் பாதையில் இறங்குபவருக்கு, பிரேம் ஏற்கும் அளவில், 120 மி.மீ. சுற்றிலும் டிராவலும் உண்மையான ரீபவுண்டும் திருகு ஆக்சிலும் உள்ள காற்று ஃபோர்க். குதிப்பதை மறந்துவிட வேண்டும்.

பாறையில் குதித்து இறங்கியே தீருவேன் என்பவர் ஃபோர்க்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. அதற்கென்று கட்டிய பிரேமோடு, 35 மி.மீட்டருக்குக் குறையாத கால், 160 முதல் 180 மி.மீ. டிராவல் உள்ள முழு வண்டியாகத்தான் பார்க்க வேண்டும். புது உயர்ரக ஃபோர்க் மட்டுமே லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். ஒருவருக்கு முடியாதது ஐந்து பேருக்கு முடியும். நாலைந்து பேர் சேர்ந்து, நன்றாகப் பராமரித்த பழைய வண்டி ஒன்றை, மேலே சொன்ன சோதனைகளைச் செய்து வாங்கி முறைவைத்து ஓட்டலாம். அதுவரை குதிக்கும் ஆசையைத் தள்ளிவைப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்வராயனில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதியின்றி உள்ளே வண்டி இறக்கக் கூடாது. ஒற்றையடிப் பாதை என்பது அங்கே வாழும் மலையாளி மக்கள் விறகும் விளைச்சலும் சுமந்து நடக்கும் வழி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும் வழி. எதிரே ஆள் வந்தால் இறங்கி நின்று வழி விடுங்கள். அது அவர்கள் பாதை, நாம் விருந்தாளி.

முடிவுரை

பிரேம், கால், டாம்பர், ஸ்பிரிங், டிராவல். இந்த வரிசையை நினைவில் வைத்தால் போதும். பளபளக்கும் ஸ்பிரிங்கும் கொட்டை எழுத்து ஸ்டிக்கரும் கண்ணுக்கு, டாம்பரும் விறைப்பும்தான் உடம்புக்கு.

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் தம்பிகளுக்கு ஒரு யோசனை. ஃபோர்க்கை ஒரு தாங்கியில் பூட்டி, எடைக் கற்களைத் தொங்கவிட்டு, டயல் கேஜால் வளைவை அளக்கும் சோதனை மேடை ஒன்றைச் செய்யலாம். நம் ஒர்க் ஷாப்பில் இருக்கும் ஆங்கிளும் சேனலும் போதும். ஊரில் விற்கும் ஆறேழு வகை ஃபோர்க்குகளை வரிசையாகச் சோதித்து, எது எவ்வளவு வளைகிறது, எது அமுக்கிவிட்டால் எத்தனை நேரத்தில் திரும்புகிறது என்று ஒரு அட்டவணை போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு மலருக்கு அதுவே கட்டுரை. வாங்கப் போகும் நண்பன் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டியிருக்காது.